இடது பக்கம்

ஹை ரிவர் தீவனக் கடைப் பலகையில்
நான் குத்திவைத்த சீட்டு இவ்வளவுதான்:
இரண்டு குதிரை டிரெய்லர். ஓரிடம் காலி.
சனிக்கிழமை காம்லூப்ஸ். டீசல் பாதிப் பாதி.

யாராவது வருவது குதிரைக்கொம்பு என்றுதான் நினைத்தேன்.
வேலை மாறிப் போகிறவளுக்கு
எல்லாமே ஆனை விலை, குதிரை விலை,
சொந்தக் குதிரையை ஏற்றிப் போவது உட்பட.

நாலாம் நாள் வெர்னா ஹால்வர்சன் கூப்பிட்டாள்.
"சால்மன் ஆர்ம் வரைக்கும். ஒரு கிழவன்.
உதைக்க மாட்டான். நானும் கூட வருவேன்.
நானும் உதைக்க மாட்டேன்."

சனி விடியலில், இருட்டுக்குள்ளிருந்து
ஒரு சாம்பல் நிறம் மட்டும் நடந்து வந்தது.
அதன் பின்னால் கயிறு. கயிற்றின் பின்னால் அவள்.
செனட்டர் என்று பேராம்.
என் இஞ்சி, ஓட்டங்களில் தோற்றே ஓய்வு பெற்றவன்,
காது இரண்டையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான்.

அவள் கோட்டுப் பையிலிருந்து நாடா எடுத்தாள்.
கேட்காமலே இஞ்சியின் நெஞ்சைச் சுற்றி அளந்தாள்.
தொள்ளாயிரத்து அறுபது பவுண்டு.
அவளுடையவன் ஆயிரத்து இருநூற்று எண்பது.
"கனமானவன் இடது பக்கம்.
சாலை நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு;
மாற்றி ஏற்றினால் வண்டி பள்ளத்தைத் தேடும்.
அப்புறம், பாதி கிடையாது. மூன்றுக்கு நாலு."

நாலு யாருக்கு என்றேன்.
"எனக்கு. என் குதிரையின் எடைக்கு
நீ ஏன் டீசல் ஊற்றவேண்டும்?"

என்னோடு இதுவரை யாரும்
கூடுதலாகக் கொடுப்பதற்குச் சண்டை போட்டதில்லை.
எப்படி ஜெயிப்பது என்று தெரியவில்லை.

தனியே ஏற்றினால் இஞ்சி
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோலத்
தகரத்தைத் தட்டிக்கொண்டே வருவான்.
அன்று பான்ஃப் தாண்டியும் சத்தமில்லை.
உதைக்கும் குதிரைக் கணவாய் என்று
பலகை வந்தது. நாங்கள் சிரித்தோம்.
பின்னால் உதைக்காமல் நின்றார்கள் இருவரும்.

கோல்டனில் தண்ணீர் காட்டினோம்.
ஊர் மாறிய தண்ணீரை இஞ்சி தொடமாட்டான்.
வெர்னா தான் குடித்து மிச்சமிருந்த ஆப்பிள் ஜூஸை
வாளியில் கவிழ்த்தாள். செனட்டர் குடித்தான்.
அவன் மீசையில் சொட்டியதை மோந்துவிட்டு
இஞ்சியும் மூக்கை உள்ளே விட்டான்.
ஒரே வாளியில் விடக்கூடாது என்பார் மருத்துவர்.
விட்டோம்.

ரோஜர்ஸ் கணவாயில்
பனிச்சரிவுக்குப் போட்ட கூரைகள்.
ஏன் கொடுத்துவிடுகிறாய் என்று
இருட்டுக்குள் நுழைகையில் கேட்டேன்.
"இடுப்பு எலும்பு" என்றாள்.
வெளிச்சம் வந்தபின்,
"என்னுடையது."

சால்மன் ஆர்மில் ஒரு பழத்தோட்டத்துக்காரர்
வேலியைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.
செனட்டர் சரிவுப் பலகையில்
பின்னங்கால் பார்த்துப் பார்த்து இறங்கினான்.
திரும்பவில்லை. முன்னால் புல்.
கத்தியது இஞ்சிதான்,
டிரெய்லர் குலுங்க, அடிவயிற்றிலிருந்து.
வெர்னா ஏறிப்போய் அவனை அவிழ்த்து
இன்னும் சூடாறாத சாணத்தின்மேல்
இடது தட்டிக்குள் மாற்றிக் கட்டினாள்.
"ஒற்றையாய்ப் போகிறவனுக்கும் இந்தப் பக்கம்தான்."
பஸ் நிறுத்தத்தில் விட்டேன்.
மடியில் காலிக் கடிவாளம்;
பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

நூற்றுப்பத்து கிலோமீட்டரும் தகரத்தில் இடி.

ராத்திரி காம்லூப்ஸில்
கையுறையோடு போனைத் தடவிக்கொண்டிருந்தேன்.
பணம் வந்திருந்தது. ரெவெல்ஸ்டோக்கில்
நான் டீசல் நிரப்பிக்கொண்டிருந்தபோதே
ரசீதுகளைப் படம் பிடித்திருக்கிறாள்.
இருநூற்று எழுபதில் ஏழில் நாலு பங்கு:
நூற்றைம்பத்து நாலு டாலர், இருபத்தொன்பது சென்ட்.
முன்னாலேயே இறங்கிய தூரத்தைக்
கழிக்கச் சொல்லியிருந்தேன். கழிக்கவில்லை.

வங்கி ஒரு ரகசியக் கேள்வி கேட்கச் சொல்லுமே,
அதில் அவள் கேட்டிருந்தாள்:
கனமானவன் எந்தப் பக்கம்?

கையுறையைக் கழற்றினேன்.